புதிய வெண்கலமும் பழைய தங்கமும்

கிராஃபிக்ஸ் கார்டுக்குப் பணத்தை எண்ணி வைத்த பிறகுதான், கணினிக்கு மின்சாரம் ஊட்டும் எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் நினைவுக்கு வருகிறது. கார்டில் எட்டு முனை மின் இணைப்பு இருக்கும். கேபினெட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ்ஸில் அதற்கான வயரே இருக்காது. கையில் மிஞ்சியது சுமார் 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தொகைக்குச் சந்தையில் இரண்டு பெட்டிகள் கிடைக்கின்றன. ஒன்று, அட்டைப்பெட்டி பிரிக்காத 550 வாட்; மின்திறனுக்கான 80 பிளஸ் பதக்கத்தில் பிரான்ஸ். மூன்று ஆண்டு வாரண்டி. வயர்கள் பெட்டியோடு நிரந்தரமாகப் பிணைந்தவை. மற்றொன்று, 2017 வாக்கில் தயாரான 650 வாட், 80 பிளஸ் கோல்டு. பத்து ஆண்டு வாரண்டியோடு விற்கப்பட்டது. வயர்களைத் தனித்தனியே கழற்றலாம். இப்போது இரண்டாம் கைக்கு வந்திருக்கிறது. முன்னது தன் வகையில் கீழ்ப்படி. பின்னது தன் காலத்தில் மேல்படி. விலை ஒன்று.

பழையது என்றதும் முகம் சுளிப்பவரும் உண்டு. மலிவு என்றதும் முகம் சுளிப்பவரும் உண்டு. இரு சாராரும் உள்ளூர அஞ்சுவது ஒன்றுக்குத்தான் என்பது, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது தெரியவருகிறது.

தேவை எவ்வளவு

ஒரு கணினியை அளவுகோலாக எடுத்துக்கொள்வோம். செயலி இன்டெல் ஐ5-12400எஃப். அது உச்ச வேகத்தில் 117 வாட் வரை கேட்கும். கார்டு ஏஎம்டி ஆர்எக்ஸ் 6600. அதன் அளவு 132 வாட். தாய்ப்பலகை, நினைவகம், சேமிப்பு, ஃபேன்கள் எல்லாவற்றுக்கும் 50 வாட் ஒதுக்கினால் மொத்தம் 300 வாட்டைத் தொடுகிறது. அனைத்தும் ஒரே நேரத்தில் உச்சத்தில் நிற்பது அரிது. விளையாட்டின்போது 250 வாட் என்பது நியாயமான மதிப்பீடு.

இந்த 300 வாட் புதிய பெட்டிக்கு அதன் திறனில் 55 விழுக்காடு. பழைய பெட்டிக்கு 46 விழுக்காடு. இரண்டுமே தமக்கு மிக வசதியான நடுப்பகுதியில் நின்று வேலை செய்கின்றன. ஆகவே 550, 650 என்ற எண்களை வைத்து இவற்றைத் தரம் பிரிக்க முடியாது. அந்த 100 வாட் வேறுபாடு இந்தக் கணினிக்குப் பயன்படப்போவதே இல்லை.

கார்டு நிறுவனங்களின் பரிந்துரைகளும் இங்கே அதிகம் உதவுவதில்லை. 132 வாட் கார்டான ஆர்எக்ஸ் 6600க்கு ஏஎம்டி சொல்வது 450 வாட் எஸ்எம்பிஎஸ். அதைவிடக் குறைவாக, 115 வாட் மட்டுமே எடுக்கும் ஆர்டிஎக்ஸ் 4060க்கு என்விடியா சொல்வது 550 வாட். குறைவாகக் குடிக்கும் கார்டுக்குக் கூடுதலான பரிந்துரை! முரண்போலத் தோன்றும் இதற்குக் காரணம் உண்டு. வாங்குபவரின் செயலி எது, அவருடைய எஸ்எம்பிஎஸ் எவ்வளவு நேர்மையானது என்பதெல்லாம் நிறுவனத்துக்குத் தெரியாது. அந்த அறியாமைக்கு ஈடாகச் சில வாட்டுகளைச் சேர்த்துச் சொல்கிறது. நேர்மையான 450 வாட் பெட்டி செய்யும் வேலையை நேர்மையற்ற 600 வாட் பெட்டி செய்யாது என்பது அந்தப் பரிந்துரைக்குள் ஒளிந்திருக்கும் ஒப்புதல். நேர்மையை எங்கே தேடுவது என்பதில்தான் நம் இரண்டு பெட்டிகளும் பிரிகின்றன.

புதியதற்குள் பழையது, பழையதற்குள் புதியது

மேலுறையைக் கடந்து வடிவமைப்புக்குள் நுழைந்தால் முதல் வியப்பு காத்திருக்கிறது. மலிவான புதிய பெட்டிகளில் கணிசமானவை இன்றும் குழு ஒழுங்குமுறை என்னும் முறையில் இயங்குகின்றன. 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் ஒரே கட்டுப்பாட்டின் கீழ் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். இது, செயலிகள் 5 வோல்ட்டிலிருந்து மின்சாரம் எடுத்த காலத்துக்கு ஏற்ற அமைப்பு. 2000ஆம் ஆண்டில் எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ்12வி விதி வந்து, செயலிக்கென்று தனி 12 வோல்ட் இணைப்பை ஏற்படுத்தியபோதே அந்தக் காலம் விடைபெறத் தொடங்கிவிட்டது. இன்று சுமையின் பெரும்பகுதி 12 வோல்ட்டில்தான். கிராஃபிக்ஸ் கார்டு 12 வோல்ட்டை வலுவாக இழுக்க, 5 வோல்ட் சும்மா கிடக்க, இரண்டையும் சேர்த்து ஆளும் கட்டுப்பாடு தடுமாறுகிறது: ஒன்று தாழ்கிறது, மற்றொன்று உயர்கிறது.

2017ஆம் ஆண்டின் கோல்டு பெட்டி இதற்கு நேர்மாறு. அது முதலில் 12 வோல்ட்டை மட்டும் உருவாக்குகிறது. 5 வோல்ட்டையும் 3.3 வோல்ட்டையும் அதிலிருந்து சிறு டிசி–டிசி மாற்றிகள் மூலம் பிரித்தெடுக்கிறது. ஒன்றின் சுமை மற்றொன்றை அசைப்பதில்லை. வயதால் மூத்ததற்குள் இன்றைய கணினிக்குப் பொருந்தும் சிந்தனை இருக்கிறது. வயதால் இளையதற்குள் இருபதாண்டுக்கு முந்தைய சிந்தனை தங்கிவிடக்கூடும்.

தங்கிவிடக்கூடும் என்றுதான் சொல்ல முடிகிறது; தங்கியே தீரும் என்றில்லை. பத்தாண்டுக்கு முன் கோல்டு பெட்டிகளின் பெருமையாக இருந்த டிசி–டிசி அமைப்பு படிப்படியாக இறங்கி, இன்று பல பிரான்ஸ் பெட்டிகளுக்குள்ளும் வந்துவிட்டது. எந்த வகை என்பதைப் பெட்டியைத் திறக்காமலே ஊகிக்க, பக்கவாட்டில் ஒட்டிய அட்டவணை போதும். 550 வாட் பெட்டியில் 12 வோல்ட்டுக்கு நேரே 45 ஆம்பியர் என்று இருந்தால், 540 வாட்டை அந்த ஒரே வழியில் தர முடியும். உள்ளே டிசி–டிசி இருப்பதற்கான நல்ல அடையாளம் இது. அதே இடத்தில் 38 ஆம்பியர் என்று இருந்தால் கிடைப்பது 456 வாட்தான். மீதி 94 வாட், இன்றைய கணினி அதிகம் தொடாத 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் முடங்கிக் கிடக்கிறது.

இரு பெட்டிகளுக்கும் இடையே இன்னொரு உறவும் இருக்கலாம்: பிறந்த வீடு. எஸ்எம்பிஎஸ் விற்கும் பெயர்களில் பல, எஸ்எம்பிஎஸ் செய்யும் பெயர்கள் அல்ல. 2010இல் வந்த கோர்செயர் ஏஎக்ஸ்850 பெட்டியைச் செய்து கொடுத்தது சீசானிக். சேனல் வெல், கிரேட் வால், எஃப்எஸ்பி, சூப்பர் ஃபிளவர் போன்ற ஆலைகள் பல பெயர்களுக்குப் பெட்டி செய்து தருகின்றன. ஒரே பெயர் ஒரு வரிசையை ஓர் ஆலையிலும் அடுத்த வரிசையை வேறோர் ஆலையிலும் செய்விப்பதும் சாதாரணம். முன்பக்கத்துப் பெயரை நம்பிப் புதியதை வாங்குபவரும், அதே பெயரை நம்பிப் பழையதை வாங்குபவரும், வெவ்வேறு ஆலைகளின் கைவேலையை வாங்குகிறவர்களாக இருக்கலாம். வெவ்வேறு பெயர்களை வாங்கியதாக எண்ணும் இருவர் ஒரே ஆலையின் பொருளோடு வீடு திரும்புவதும் நடக்கும்.

தூர்ந்த ஏரியும் சிறு குட்டையும்

எதிர்பாராத உறவு மிக நெருக்கமாகத் தெரியும் இடம், மின்சாரம் ஒரு கணம் தடுமாறும்போது. சுவரிலிருந்து வரும் மின்சாரம் நின்ற பிறகும் எஸ்எம்பிஎஸ் சில மில்லிநொடிகள் தாக்குப்பிடிக்க வேண்டும். ஏடிஎக்ஸ் விதியின் முந்தைய பதிப்புகள் முழுச் சுமையில் 17 மில்லிநொடி கேட்டன. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு முழு அலையின் நீளம் 20 மில்லிநொடி. வீட்டு இன்வெர்ட்டரோ யூபிஎஸ்ஸோ பேட்டரிக்கு மாறும் இடைவெளியில் கணினி அணையாமல் இருப்பது இந்தக் கையிருப்பால்தான். அதைத் தாங்கி நிற்பது, உள்ளே சுமார் 380 முதல் 400 வோல்ட் வரை தேக்கி வைத்திருக்கும் முதன்மை மின்தேக்கி.

செலவைக் குறைக்க நினைக்கும் தயாரிப்பாளர் முதலில் கைவைக்கும் உறுப்புகளில் இதுவும் ஒன்று. கொள்ளளவைச் சற்றுக் குறைத்தால் பெட்டி மேல் உள்ள அட்டவணையில் எந்த எண்ணும் மாறாது; வாட் அதே வாட், பதக்கம் அதே பதக்கம். ஆக, மலிவான புதிய பெட்டி குறைந்த கையிருப்போடு பிறக்கிறது.

பழைய பெட்டி தாராளமான கையிருப்போடு பிறந்தது. ஆனால் மின்பகுளி மின்தேக்கி வெப்பத்தில் மெல்ல மெல்ல வறண்டு, ஆண்டுகள் செல்லச்செல்லக் கொள்ளளவை இழக்கிறது. வெட்டும்போதே சிறிதாக வெட்டிய குட்டையும், பெரிதாக வெட்டித் தூர்ந்துபோன ஏரியும் கோடையில் ஒரே அளவு நீரைத்தான் காட்டும். இரண்டு பெட்டிகளின் நோய்க்குறியும் ஒன்றே: கரண்ட் போய் இன்வெர்ட்டர் பிடிக்கும் அந்த நொடியில் கணினி மறுபடி தொடங்குகிறது.

சிற்றலையிலும் இதே கதை. 12 வோல்ட்டின் மேல் தவழும் மிச்ச அலைவு 120 மில்லிவோல்ட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. வெளியீட்டுப் பக்கத்தில் வடிகட்டும் மின்தேக்கிகளை எண்ணிக்கையில் குறைத்ததால் புதியது அந்த எல்லையை நெருங்குகிறது. இருந்த மின்தேக்கிகளின் உள்தடை வயதால் ஏறியதால் பழையதும் அதே எல்லையை நெருங்குகிறது. ஃபேனும் அப்படியே. மலிவான ஸ்லீவ் பேரிங் ஃபேன் சில ஆண்டுகளில் இரையத் தொடங்கும். உயர்தர திரவ பேரிங் ஃபேன் பல ஆண்டுகள் ஓடிவிட்டு இரையத் தொடங்கும். நம் கைக்கு வரும் நேரத்தில் ஓசை ஒன்றுதான்.

எனவே மலிவும் முதுமையும் வெவ்வேறு குறைகள் அல்ல. இரண்டும் கையிருப்பு இன்மையின் இரு வடிவங்கள். புதியதில் அது வைக்கப்படாமல் போயிற்று. பழையதில் அது செலவழிந்து போயிற்று. வேறுபாடு ஒன்று மட்டுமே: வைக்கப்படாததை எப்போதும் மீட்க முடியாது, செலவழிந்தது எவ்வளவு என்பதைக் கணக்குப் பார்க்க முடியும்.

மணிக்கணக்கு

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மின்தேக்கியின் ஆயுளுக்குப் பொறியாளர்கள் பயன்படுத்தும் எளிய விதி ஒன்று உண்டு: வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இருமடங்காகும். பழைய உயர்தரப் பெட்டியில் இருப்பது 105 டிகிரி செல்சியஸில் 2,000 மணி நேரம் தாங்கும் வகை என்று கொள்வோம். பெட்டிக்குள் 65 டிகிரி நிலவினால், நாற்பது டிகிரி இறக்கம். நான்கு முறை இருமடங்கு. 32,000 மணி நேரம். மலிவான பெட்டிகளின் முதன்மை மின்தேக்கி பல நேரங்களில் 85 டிகிரி வகை. அதே 2,000 மணி, அதே 65 டிகிரி என்றால், இருபது டிகிரி இறக்கம். இரண்டு முறை இருமடங்கு. 8,000 மணி நேரம். இதற்கப்பால் பெட்டி வெடித்துவிடும் என்பதல்ல பொருள். கையிருப்பு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கிவிட்டது என்பதே பொருள்.

பழைய பெட்டி ஒரு வீட்டில் நாளொன்றுக்கு நான்கு மணி நேரமாக எட்டு ஆண்டு ஓடியிருந்தால், செலவானது 11,680 மணி. மிச்சம் 20,000 மணிக்கு மேல். எட்டு ஆண்டு உழைத்த பிறகும் அதன் கையில் இருப்பது, இன்று பிரிக்கப்படும் புதிய பெட்டியின் முழு ஆயுளைப் போல இரண்டரை மடங்கு!

இதே பழைய பெட்டி, கிராஃபிக்ஸ் கார்டுகளால் மின்னாணயம் ஈட்டும் எத்தீரியம் மைனிங்கில் இருந்திருந்தால் கதை தலைகீழாகிறது. இரவும் பகலும் மூன்று ஆண்டு ஓடினால் 26,280 மணி. மிச்சம் 5,700 மணி. புதியதன் 8,000 மணியைவிடக் குறைவு. அதுவும் மைனிங் அறையின் வெப்பம் 65 டிகிரியிலேயே நின்றது என்ற தாராளமான அனுமானத்தில். 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் அந்தக் கார்டுகளின் உழைப்பைத் தேவையற்றதாக்கிய பிறகு, கார்டுகளைப் போலவே அவற்றுக்கு ஊட்டிய எஸ்எம்பிஎஸ்களும் இரண்டாம் கைச் சந்தைக்கு வந்தன. மைனிங் செய்தவர்கள் திறன்மிக்க கோல்டு பெட்டிகளையே விரும்பினர் என்பதால், நாம் தேடும் வகையும் அவர்கள் கைவிட்ட வகையும் ஒன்றாகிப்போயின.

புதியதன் பக்கத்திலும் கணக்கைத் தலைகீழாக்கும் ஒரு தகவல் உண்டு. சில பிரான்ஸ் பெட்டிகள் முதன்மை மின்தேக்கிக்கும் 105 டிகிரி வகையையே பயன்படுத்துகின்றன. அந்த ஒரு மாற்றம் 8,000 மணியை 32,000 ஆக்கிவிடும். எட்டு ஆண்டுக் கோல்டு அப்போது பின்தங்கும். பழையதற்கு அதன் கடந்தகாலம் எப்படியோ, அப்படியே புதியதற்கு அதன் உள்ளுறுப்புப் பட்டியல். ஒரே ஒரு தகவல் மாறினால் வெற்றிதோல்வி இடம் மாறுகிறது.

பதக்கம் சொல்வதும் சொல்லாததும்

இருவரின் மார்பிலும் 80 பிளஸ் பதக்கம் இருக்கிறது. 115 வோல்ட் அளவுகோலில், பாதிச் சுமையில் பிரான்ஸ் 85 விழுக்காட்டுத் திறன் காட்ட வேண்டும், கோல்டு 90. நம் 230 வோல்ட்டில் இரண்டும் சற்றுக் கூடும். இடைவெளி பெரிதாக மாறாது. கணினிக்குள் 250 வாட் தேவையென்றால், பிரான்ஸ் சுவரிலிருந்து 294 வாட் எடுக்கிறது, கோல்டு 278. வேறுபாடு 16 வாட். நாளுக்கு நான்கு மணி என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 24 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் வீதம் 190 ரூபாய். இதற்காகத் தங்கத்தைத் தேட வேண்டியதில்லை.

ஆனால் அதே எண்களை வேறு பக்கத்திலிருந்து பார்க்கலாம். பிரான்ஸ் தன் உடலுக்குள் 44 வாட்டை வெப்பமாக வைத்துக்கொள்கிறது. கோல்டு 28 வாட்டை. மின்தேக்கியின் ஆயுளை நிர்ணயிப்பது வெப்பம் என்று சற்றுமுன் பார்த்தோம். ஆக, பதக்கத்தின் நிறம் மின்கட்டணத்தில் காட்டும் வேறுபாட்டைவிட, பெட்டியின் சொந்த ஆயுளில் காட்டும் வேறுபாடு பெரிது. குறைந்த திறனுள்ள பெட்டி கூடுதலாகச் சுடுகிறது. சுடுவதால் விரைவாக முதிர்கிறது. மலிவு என்பதே முதுமையை விரைந்து அழைத்துக்கொள்ளும் ஒரு நிலை.

பதக்கம் எந்தச் சூழலில் வழங்கப்பட்டது என்பதையும் மறந்துவிடலாகாது. 80 பிளஸ் சோதனை 23 டிகிரியை ஒட்டிய அறையில் நடக்கிறது. சென்னையிலோ வேலூரிலோ மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் அந்த 23 டிகிரி எந்த நேரத்திலும் வருவதில்லை. முழுத் திறனை எந்த வெப்பநிலைவரை தருவோம் என்று தயாரிப்பாளர் தனியே குறிப்பிடுவார். மேல்படிப் பெட்டிகள் பெரும்பாலும் 50 டிகிரி வரை உறுதி தந்தன. கீழ்ப்படிப் பெட்டிகள் 40 டிகிரியிலேயோ அதற்கும் கீழேயோ நிறுத்திக்கொள்கின்றன. பாதித் திறனில் ஓடும் நம் கணினிக்கு இது உடனடி ஆபத்தல்ல. இருப்பினும், பதக்கத்தைவிட நம் ஊருக்குப் பொருளுள்ள எண் இதுவே.

காவலன் தூங்கினாலும் தொல்லை, விழித்தாலும் தொல்லை

கிராஃபிக்ஸ் கார்டுகள் தம் பெயரளவு வாட்டோடு நிற்பதில்லை. மில்லிநொடிக்கும் குறைவான இடைவெளிகளில் அவை திடீரெனத் துள்ளி அதைவிட மிக அதிகமாக இழுக்கும். எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்று அந்தத் துள்ளலைக் கடந்துபோகும் சலனமாகக் கொள்ளவேண்டுமா, ஆபத்தாகக் கொண்டு அணைத்துவிடவேண்டுமா? இரண்டு கோல்டு பெட்டிகளின் வரலாறு இதற்கு எதிரெதிர் விடைகளைத் தருகிறது.

2017இல் வந்த சீசானிக் ஃபோகஸ் பிளஸ் வரிசையின் தொடக்ககாலப் பெட்டிகள் சில, ஏஎம்டியின் வேகா 56, வேகா 64 கார்டுகளோடு சேர்ந்தபோது விளையாட்டின் நடுவே அணைந்தன. பெட்டியில் பழுதில்லை, காவல் மிகையாக விழித்திருந்தது. கார்டின் நொடிப்பொழுதுத் துள்ளலை ஆபத்தென்று எண்ணி அது கதவை மூடியது. அதே பெட்டியோடு அமைதியான கார்டு ஒன்றைச் சேர்த்தவருக்குக் குறையேதும் தெரிந்திருக்காது.

2021இல் கிகாபைட்டின் பி750ஜிஎம், பி850ஜிஎம் பெட்டிகள் மறுமுனையில் நின்றன. அவற்றின் மிகைச்சுமைக் காவல் 120 முதல் 150 விழுக்காடு வரை சுமை ஏறிய பிறகே விழித்தது. சோதனையாளர்கள் அந்த எல்லைவரை ஏற்றியபோது சில பெட்டிகள் எரிந்துபோயின. பின்னர் நிறுவனம் எல்லையை 110 முதல் 120 விழுக்காடாகக் குறைத்தது; விற்ற பெட்டிகளை மாற்றித் தரவும் முன்வந்தது. இவையும் 80 பிளஸ் கோல்டுதான். விரைந்து மூடிய பெட்டிக்கும் மூட மறந்த பெட்டிக்கும் ஒரே நிறப் பதக்கம். பதக்கம் திறனை அளக்கிறது; காவலை அளப்பதில்லை.

இந்த ஒரு களத்தில் புதியதற்கு இயல்பான ஆதாயம் உண்டு. 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி, 450 வாட்டுக்கு மேற்பட்ட புதுவகை பதினாறு முனை இணைப்புள்ள பெட்டிகள் 100 மைக்ரோநொடிக்கு இருமடங்குச் சுமையைத் தாங்க வேண்டும் என்கிறது. 2017இல் பிறந்த பெட்டிக்கு இந்தக் கேள்வி கேட்கப்பட்டதே இல்லை. எல்லாப் பிரான்ஸ் பெட்டிகளும் இந்த விதியின்படி வருவதில்லை. வருபவை, வயதில் மூத்த தங்கத்துக்கு இல்லாத ஒரு பயிற்சியைப் பெற்றவை. நம் 132 வாட் கார்டு பெரிதாகத் துள்ளாது, அதுவும் பாதித் திறனில் இருக்கும் பெட்டியை அசைக்காது. நாளை 250 வாட் கார்டுக்குத் தாவ நினைப்பவருக்கு இது கனமான எடை.

பெருமையே பலவீனமாகும் இடம்

வயர்களைப் பார்ப்போம். பழைய பெட்டியில் எல்லா வயர்களும் கழன்றுவரும். வேண்டியதை மட்டும் மாட்டலாம். கேபினெட்டுக்குள் காற்று தாராளமாக ஓடும். புதிய பெட்டியில் தேவையற்ற வயர்களும் கற்றையாய்த் தொங்கும். அவற்றை எங்கேயாவது செருகி மறைக்க வேண்டும்.

ஆனால் இரண்டாம் கையில் இந்தப் பெருமை திரும்பிக் கடிக்கும். கார்டுப் பக்கத்து முனைகளுக்குப் பொதுவிதி உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைகளுக்கு இல்லை. ஒரே நிறுவனத்தின் இரண்டு வரிசைகளில்கூட முனைகளின் வரிசை மாறலாம். விற்பவர் தன் அலமாரியில் கிடந்த வேறொரு வயரை மாற்றிக் கொடுத்தால், அது கச்சிதமாகப் பொருந்தி, 5 வோல்ட் போகவேண்டிய இடத்துக்கு 12 வோல்ட்டை அனுப்பி, எஸ்எஸ்டியையோ தாய்ப்பலகையையோ எரித்துவிடும். பிணைந்த வயர்களுள்ள புதிய பெட்டியில் இந்த விபத்து நடக்கவே வழியில்லை. சிக்கனத்தின் அடையாளம் பாதுகாப்பாகிறது. சொகுசின் அடையாளம் ஆபத்தாகிறது.

இரண்டையும் தவிர்த்து, பழைய கேபினெட் எஸ்எம்பிஎஸ்ஸிலேயே சாட்டா முனையிலிருந்து எட்டு முனைக்கு மாற்றும் வயரைப் போட்டுச் சமாளிக்கலாமே என்று கடைகளில் ஒரு மூன்றாம் வழி சொல்லப்படுவதுண்டு. எட்டு முனை இணைப்பின் அளவு 150 வாட். சாட்டா முனை 12 வோல்ட்டில் தாங்குவது 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். மலிவும் முதுமையும் இங்கே ஒரே குரலில் மறுப்புச் சொல்லும்.

அட்டவணையும் வரலாறும்

இறுதியில் இரண்டு பெட்டிகளும் நம்மிடம் கேட்பது இரண்டு வகையான விசாரணை. புதியதிடம் கேட்க வேண்டியது, அது எதை விட்டுவிட்டு வந்தது என்பதை: 12 வோல்ட்டின் ஆம்பியர் மொத்தத் திறனுக்கு அருகில் இருக்கிறதா, எந்த வெப்பநிலைக்கு உறுதி, மின்தேக்கி எந்த வகை, வாரண்டி எத்தனை ஆண்டு. விடைகள் பெரும்பாலும் அட்டவணையிலும் அட்டைப்பெட்டியிலும் அச்சாகியிருக்கும். பழையதிடம் கேட்க வேண்டியது, அது எங்கே இருந்து வந்தது என்பதை: யாருடைய கணினியில், நாளுக்கு எத்தனை மணி நேரம், சொந்த வயர்கள் இருக்கின்றனவா, பில் இருக்கிறதா. விடைகள் அச்சில் இல்லை. விற்பவரின் வாயில் இருக்கின்றன. வரிசை எண்ணில் மறைந்திருக்கும் தயாரிப்பு மாதமும், கம்பிவலை வழியே டார்ச் அடித்துப் பார்க்கும்போது தெரியும் மின்தேக்கிகளின் உப்பல் இல்லாத தலையும் அவர் சொல்லுக்குச் சாட்சி. திருகைக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டாம். மின்சாரம் நிறுத்திய பிறகும் முதன்மை மின்தேக்கியில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் நிற்கக்கூடும்.

வாரண்டியிலும் ஒரு விந்தையான சமன் தெரிகிறது. புதியதற்கு மூன்று ஆண்டு. பத்து ஆண்டு வாரண்டியோடு பிறந்த பழையதற்கு, எட்டு ஆண்டு கழித்துக் கைமாறும் நாளில் எஞ்சுவது இரண்டு ஆண்டு. ஆனால் சில நிறுவனங்கள் முதலில் வாங்கியவருக்கு மட்டுமே வாரண்டி என்கின்றன. பெரும்பாலானவை மூலப் பில்லைக் கேட்கின்றன. காகிதம் கைமாறாவிட்டால் அந்தச் சமன் உடனே குலைகிறது.

இவற்றையெல்லாம் சேர்த்து நிறுத்தால், பெட்டிகளைவிட வாங்குபவரின் நிலையே தீர்ப்பை எழுதுகிறது என்று தெரிகிறது. அறிந்த ஒருவரின் வீட்டுக் கணினியில் ஓடி, சொந்த வயர்களோடும் பில்லோடும் வரும் 2017 கோல்டு, இதே விலையில் அட்டவணையில் 38 ஆம்பியர் காட்டும் எந்தப் புதிய பெட்டியையும் வெல்லும். எட்டு ஆண்டுத் தேய்மானத்தைக் கழித்த பிறகும் வெல்லும். வரலாறு தெரியாத கோல்டு, 45 ஆம்பியரும் 105 டிகிரி மின்தேக்கியும் மூன்று ஆண்டு வாரண்டியும் உள்ள பிரான்ஸிடம் தோற்கும். எதிரெதிரே நிற்பவை 38 ஆம்பியர் பிரான்ஸும் வரலாறற்ற கோல்டும் மட்டுமே என்றால், இரண்டையும் கடையிலேயே விட்டுவிட்டு, இன்னும் 1,000 ரூபாய் சேரும்வரை கார்டை உறை பிரிக்காமல் வைத்திருப்பதே கணக்குக்குப் பொருந்தும் முடிவு. விசாரிக்க நேரமும் விற்பவரோடு அறிமுகமும் உள்ளவருக்குப் பழைய தங்கம் லாபம். இரண்டும் இல்லாதவருக்கு, அச்சிட்ட அட்டவணையைப் படிக்கத் தெரிந்தால், புதிய வெண்கலம் போதும்.